விடியும்வரை காத்திருக்கக் கூடாத வயிற்றுவலி

பெண்களின் வயிற்றுவலிக்கு நம் வீடுகளில் பெயர்கள் தயாராக இருக்கின்றன: சூடு, வாய்வு, தீட்டு வலி, குடலேற்றம், வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுக்கிறோம், தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கிறோம், ஓமத் தண்ணீர் காய்ச்சுகிறோம். பெரும்பாலான வலிகள் அதிலேயே அடங்கியும் விடுகின்றன. அப்படி அடங்காத, அடங்கட்டும் என்று காத்திருக்கவும் கூடாத ஒரு வலியைப் பற்றி எழுதுகிறேன். சினைப்பையில் இருக்கும் கட்டி முறுக்கிக்கொண்டாலோ, வெடித்தாலோ, உள்ளே ரத்தம் கசிந்தாலோ வரும் வலி அது. மகப்பேறு மருத்துவராக இரவுப் பணியில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆதங்கம்தான்: சாயங்காலமே வந்திருக்கலாமே.

வலியின் அடையாளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும். "சரியா எட்டரை மணி டாக்டர், பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன்" என்று நேரம் சொல்லும் அளவுக்குத் திடீரென்று தொடங்கும். மாதவிடாய் வலிபோல மெல்ல மெல்ல ஏறாது. இடுப்புக்கும் தொடைக்கும் பரவலாம். கூடவே குமட்டலும் வாந்தியும் இருக்கும். சினைப்பை முறுக்கிக்கொண்டு வரும் பெண்களில் மூன்றில் இரண்டு பேருக்காவது வாந்தி உண்டு. சிலருக்கு ஸ்கிப்பிங் ஆடியபின் தொடங்கும், சிலருக்குத் தாம்பத்திய உறவுக்குப் பின். தூக்கத்திலிருந்து எழுப்பிய வலியோடு வருபவர்களும் உண்டு. காய்ச்சல் ஆரம்பத்தில் இருக்காது. காய்ச்சல் வந்துவிட்டதென்றால், ரத்தம் கிடைக்காத திசு அழியத் தொடங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். கருப்பையின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகச் சினைப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனையில் கருப்பையோடும், மறுமுனையில் இடுப்புச் சுவரோடும் தசைநார்களால் கட்டப்பட்டு, நடுவில் அசைந்தபடி இருக்கும். அந்த நார்களின் வழியாகத்தான் ரத்தக்குழாய்கள் உள்ளே வருகின்றன. சினைப்பையில் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கட்டி வளர்ந்தால், மெல்லிய காம்பில் பெரிய காய் தொங்குவது போன்ற நிலை. உடம்பு திரும்பும்போது காய் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். முறுக்கில் முதலில் நசுங்குவது, சுவர் மெல்லியதான சிரைகள். ரத்தம் வெளியே போக வழியில்லை. தமனி மட்டும் உள்ளே ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சினைப்பை வீங்குகிறது, கருநீலமாகிறது, எடை கூடிக்கூடி முறுக்கு இன்னும் இறுகுகிறது. கடைசியில் தமனியும் அடைபட்டால் திசு சாகத் தொடங்கும்.

இது நடக்க இத்தனை மணி நேரம் ஆகும் என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. எத்தனை சுற்று முறுக்கியிருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சீக்கிரம் பிரித்தால் சினைப்பை பிழைக்கும் என்பது மட்டும் உறுதி.

இந்த வலியின் பொல்லாத குணம், விட்டுவிட்டு வருவது. பாதி முறுக்கிய கட்டி தானாகவே பிரிந்துகொண்டால் வலி சட்டென்று விலகும். "போன வாரம் இதே மாதிரி வந்துச்சு, அரை மணி நேரத்துல சரியாப் போயிடுச்சு" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அடுத்த முறை அது பிரியாமல் இருந்துவிடலாம். அதனால்தான், வந்து போன வலியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்கிறேன். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஓர் ஊசி போட்டதும் வலி குறைந்துவிட்டது என்பதற்காக நோய் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி ஊசி போடுவதில் தவறில்லை; வேதனையில் துடிக்கிற பெண்ணுக்கு அதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஊசியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்தான் ஆபத்து. ஊசியின் வேகம் தணிந்ததும் அதே இடத்தில் வலி திரும்பினால், இரண்டாவது ஊசிக்குப் போகாதீர்கள். ஸ்கேனுக்குப் போங்கள்.

குடல் தட்டுவதைப் பற்றி இங்கேயே சொல்லியாக வேண்டும். பிள்ளை வாந்தி எடுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், எண்ணெய் தடவி வயிற்றை வழித்துக் "குடலேற்றம் எடுக்க" அழைத்துப் போகும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அன்போடும் நம்பிக்கையோடும் செய்வதுதான். ஆனால் உள்ளே இருப்பது கட்டியாக இருந்தால், அந்த அழுத்தம் அதை வெடிக்க வைக்கலாம். திடீர் வயிற்றுவலிக்கு யாருடைய கையும் வயிற்றை அழுத்தி வழிக்கக் கூடாது. சின்னப் பெண்களுக்கு இது வராது என்று நினைப்பதும் சரியில்லை. வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் சினைப்பை முறுக்கிக்கொள்ளும். அவர்களுக்குத் தசைநார்கள் நீளமாக இருப்பதால், கட்டியே இல்லாத சாதாரண சினைப்பைகூட முறுக்கிக்கொள்வதுண்டு. ஏழு வயதுக் குழந்தை "வயிறு வலிக்குது" என்று சொல்லி வாந்தி எடுத்தால், பள்ளிக்குப் போகாமல் இருக்கச் சொல்லும் சாக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வலப்பக்கச் சினைப்பைதான் அதிகம் முறுக்கிக்கொள்கிறது. இடப்பக்கம் பெருங்குடலின் கடைசிப் பகுதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே சுற்ற இடம் குறைவு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வலப்பக்கம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடல்வால். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்: வலது அடிவயிற்றில் வலி, வாந்தி, தொட்டால் வேதனை. குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து வலப்பக்கம் இறங்கும். சினைப்பை வலி தொடங்கும்போதே கீழே ஒரு பக்கமாக இருக்கும். இந்த வித்தியாசம் எல்லோரிடமும் தெளிவாக இருக்காது. சிறுநீரகக் கல்லும் இதேபோல ஏமாற்றும். எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குடல்வால் என்று சொல்லிச் சேர்த்திருந்தால், "சினைப்பையையும் பார்த்துவிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதைப் படிக்கும் இளம்பெண்கள் பலர், "எனக்கும் நீர்க்கட்டி இருக்கிறதே" என்று பயந்திருப்பீர்கள். பி.சி.ஓ.டி. என்று ஸ்கேனில் எழுதியிருக்கும் நீர்க்கட்டிகள் வேறு. அவை பாதியில் வளர்ச்சி நின்றுபோன சினைமுட்டைப் பைகள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அவை கட்டி இல்லை, வெடிக்கவும் மாட்டா. பி.சி.ஓ.டி.க்கு மாதவிடாய் ஒழுங்கு, எடை, சர்க்கரை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இந்த அவசரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. இங்கே நான் பேசுவது, தனியாக ஒரே கட்டியாக, சென்டிமீட்டர் கணக்கில் அளந்து எழுதப்பட்டிருப்பவை.

அவற்றில் இளம்பெண்களிடம் அதிகம் பார்ப்பது டெர்மாய்டு. சினைமுட்டையாக வேண்டிய செல்லிலிருந்தே வளர்வதால் அதற்குள் முடி, கொழுப்பு, சில சமயம் பல்கூட இருக்கும். பார்த்தவர்கள் மிரண்டுபோவார்கள், ஏதோ சாபம், செய்வினை என்றுகூடச் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை. உடம்பின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல் அது, அவ்வளவுதான். டெர்மாய்டு பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதது. நூற்றில் ஒன்றிரண்டுதான், அதுவும் பெரும்பாலும் வயதானவர்களிடம், புற்றாக மாறும். ஆனால் கனமானது, வழுவழுப்பானது, சுற்றியுள்ள எதனுடனும் ஒட்டாதது. ஆகவே எளிதில் முறுக்கிக்கொள்ளும். அரிதாக வெடித்தால், உள்ளிருக்கும் கொழுப்பு வயிற்றுக்குள் கொட்டி உட்சவ்வு முழுவதும் அழற்சியாகும். எந்தக் கஷாயமும் எந்த மாத்திரையும் டெர்மாய்டைக் கரைக்காது. கரைக்கிறோம் என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பவர்களிடம் காலத்தைக் கொடுக்காதீர்கள்.

ரத்தக்கசிவு வேறு விதமான ஆபத்து. முட்டை வெளியான பிறகு அந்த இடத்தில் மாதந்தோறும் ஒரு மஞ்சள் திட்டு உருவாகும். சிலருக்கு அது ரத்தம் நிறைந்த கட்டியாகப் பெருத்து வெடிக்கும். மாதவிடாய்க்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கையில் வருவது இது. பெரும்பாலும் கசிவு தானாக நின்றுவிடும். மருத்துவமனையில் கண்காணித்தாலே போதும். நிற்காதவர்களுக்கு வயிற்றுக்குள் ரத்தம் சேரும். சினைப்பையின் கிரானுலோசா செல் கட்டி போன்ற உண்மையான கட்டிகளும் இப்படி வெடித்து ரத்தம் கொட்டலாம். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ சாப்பிடும் பெண்களுக்குச் சாதாரண மஞ்சள் திட்டு வெடித்தாலே பெரிய கசிவாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், அடிவயிற்று வலியை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

உள்ளே ரத்தம் கசிகிறது என்று வெளியே எப்படித் தெரியும்? எழுந்து நின்றால் கண் இருட்டும். முகமும் உதடும் வெளுக்கும். கை கால் சில்லிட்டு வியர்க்கும். நாடி வேகமாக ஓடும். வயிற்றில் ரத்தம் சேர்ந்து உதரவிதானத்தைத் தொட்டால், அதன் நரம்பின் வழியாகத் தோள்பட்டையில் வலி தெரியும். படுத்தால் தோள் இன்னும் அதிகம் வலிக்கும். "வயித்துல வலி, தோள்லயும் வலி" என்று ஒரு பெண் சொன்னால் வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். இளம்பெண்களின் உடம்பு, ரத்தம் கணிசமாகக் குறையும்வரை ரத்த அழுத்தத்தை விடாமல் தாங்கிப் பிடிக்கும். பி.பி. நார்மல் என்பது ஆறுதல் தரக் கூடாது, நாடித்துடிப்பைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் ஓடுவதே ஏறக்குறைய மூன்றேகால் லிட்டர் ரத்தம்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. ஏற்கெனவே குறைவாக இருப்பவரிடமிருந்து ஒரு லிட்டர் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கர்ப்பிணிகளுக்கும் சினைப்பை முறுக்கிக்கொள்ளும், அதிகமும் முதல் மூன்று நான்கு மாதங்களில். "பிள்ளை வளரும்போது அப்படித்தான் இழுக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மெல்லிய இழுப்பு இயல்புதான். வாந்தியோடு ஒரு பக்கம் வெட்டி இழுக்கும் வலி இயல்பில்லை. கர்ப்ப காலத்திலும் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை, செய்யலாம். குழந்தைக்காகத் தாயின் அறுவையைத் தள்ளிப்போட்டால் இருவருக்கும் ஆபத்துதான். பிரசவத்துக்குப் பின், தாய்வீட்டில் படுத்திருக்கும் முதல் வாரங்களும் கவனிக்க வேண்டிய காலம். கருப்பை சுருங்கி வயிற்றில் இடம் திடீரென்று காலியாவதால் கட்டி சுலபமாகச் சுற்றிக்கொள்ளும். குழந்தைப்பேற்றுக்காக ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இரண்டு சினைப்பைகளுமே பெருத்திருக்கும். அந்த நாட்களில் வலியும் வாந்தியும் வந்தால், ஊசியால் வருவது என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் சிகிச்சை தரும் மையத்தை அந்த நேரத்திலேயே அழையுங்கள், நள்ளிரவானாலும்.

"எனக்குத்தான் கர்ப்பப்பையையே எடுத்தாச்சே" என்று சொல்லும் பெண்களை மறக்காமல் சேர்க்கிறேன். கருப்பையை எடுக்கும்போது பல பெண்களுக்குச் சினைப்பைகளை விட்டுவைப்பார்கள். ஹார்மோனுக்காக அது நல்லதும்கூட. ஆனால் விட்டுவைத்த சினைப்பையில் கட்டி வரலாம், முறுக்கியும் கொள்ளலாம். குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதே கதைதான். உங்கள் அறுவையில் எது எடுக்கப்பட்டது, எது இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். தெரியாதவர்கள் இன்றே எடுத்துப் பாருங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சரி, இரவு பதினொரு மணிக்கு மகளுக்கு அப்படி ஒரு வலி வந்துவிட்டது. என்ன செய்வது? முதலில், சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். "வெறும் வயிறா இருக்காளே" என்று ஒரு டம்ளர் பால் கொடுத்தால், மயக்க மருந்து கொடுப்பது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும், அல்லது ஆபத்தாகும். வலி தொடங்கிய நேரத்தையும் கடைசி மாதவிடாய்த் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலோ வெளுத்துப்போனாலோ இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாமல் 108-ஐ அழையுங்கள். எங்கே போவது என்பதை யோசித்துப் போங்கள்: அந்த நேரத்தில் ஸ்கேன் எடுக்க ஆள், அறுவை செய்யும் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ரத்தம் ஆகிய நான்கும் கிடைக்கிற இடமாக இருக்க வேண்டும். இரவில் இவை இல்லாத சிறு மருத்துவமனையில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு விடியலுக்குக் காத்திருப்பதில்தான் சினைப்பைகள் வீணாகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மகப்பேறு அவசரத்துக்கான சீமாங் மையங்கள் 24 மணி நேரமும் இயங்குகின்றன. நம் ஊர் ஜி.எச்.சை நம்பிப் போங்கள்.

மருத்துவமனையில் முதலில் கேட்பது சிறுநீர்ப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் அடக்கம். இங்கேதான் பல குடும்பங்கள் கொதிக்கின்றன. "டாக்டரம்மா, கல்யாணம் ஆகாத புள்ள. அந்த டெஸ்ட் எதுக்கு?" கேட்கும் தாயின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மாதவிடாய் வரும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும், மணமானவரோ இல்லையோ, அறுவை செய்துகொண்டவரோ இல்லையோ, திடீர் அடிவயிற்று வலி என்றால் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அது உயிரை எடுக்கக்கூடியது. இது நடத்தையை எடைபோடும் சோதனை இல்லை, ரத்த வகை பார்ப்பதுபோல எல்லோருக்கும் செய்வது. பெண்ணிடம் மருத்துவர் தனியாகப் பேச விரும்பினால் வெளியே போய் நில்லுங்கள். அம்மா முன்னால் சொல்ல முடியாத ஒரு தகவல் அவளைக் காப்பாற்றலாம். விடுதிக் காப்பாளர்களுக்கும் சொல்கிறேன்: வீட்டிலிருந்து யாராவது வரட்டும் என்று பெண்ணை அறையில் படுக்க வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஆளோடு அனுப்பிவிட்டு, போகிற வழியில் வீட்டுக்குச் சொல்லுங்கள்.

பேர் கெட்டுவிடும் என்று மகப்பேறு மருத்துவரிடம் போகத் தயங்குவதும் உண்டு. மணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேலேயே கருவியை வைத்து ஸ்கேன் எடுப்போம். உள் பரிசோதனை தேவையில்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் படம் தெளிவாக இருக்கும் என்பதற்காக லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். டிரிப் ஏற்றினாலே நிறைந்துவிடும்.

ஸ்கேனைப் பற்றி ஒரு நுட்பமான விஷயம். டாப்ளர் என்ற முறையில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். ஓட்டம் இல்லை என்றால் முறுக்கு என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் ஓட்டம் தெரிகிறது என்பதால் முறுக்கு இல்லை என்று ஆகிவிடாது. சினைப்பைக்கு இரண்டு தமனிகளிலிருந்து ரத்தம் வருகிறது; ஒன்று நசுங்கினாலும் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஸ்கேன் நார்மல், வலி மட்டும் குறையவில்லை என்ற நிலையில் அனுபவமுள்ள மருத்துவர் லேப்ராஸ்கோப்பி செய்து நேரில் பார்த்துவிடலாம் என்பார். உறுதியாகத் தெரியாமல் அறுவையா என்று மறுத்துவிடாதீர்கள். இந்த நோயை முழு உறுதியோடு கண்டறியும் இடமே அறுவை அரங்குதான்.

அங்கே என்ன செய்வார்கள்? முறுக்கைப் பிரிப்பார்கள், கட்டியை மட்டும் உரித்தெடுப்பார்கள், சினைப்பையை அதன் இடத்திலேயே விடுவார்கள். முன்பெல்லாம் கருநீலமாகிப்போன சினைப்பையைச் செத்துவிட்டது என்று முழுசாக எடுத்துவிடுவது வழக்கம். பிரித்தால் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன: பிரித்தாலும் எடுத்தாலும் அந்த ஆபத்து ஒரே அளவில், மிக அரிதாகவே இருக்கிறது. நிறத்தைப் பார்த்து உயிரைச் சொல்ல முடியாது என்பதும் தெரிந்துவிட்டது. கருத்துக் கிடந்த சினைப்பைகளில் பெரும்பாலானவை பிரித்துவிட்ட பிறகு சில வாரங்களில் தேறி, மீண்டும் முட்டை உற்பத்தி செய்கின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019-இல் வளரிளம் பெண்களுக்காக வெளியிட்ட பரிந்துரையில், பார்வைக்கு எப்படி இருந்தாலும் சினைப்பையைப் பிரித்துக் காப்பாற்றும்படி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "முறுக்கைப் பிரித்துச் சினைப்பையைக் காப்பாற்றப் பார்ப்பீர்களா?" அன்றைக்கு வீக்கம் அதிகமாக இருந்தால், முறுக்கை மட்டும் பிரித்துவிட்டு, கட்டியை சில வாரங்கள் கழித்து இன்னொரு அறுவையில் எடுப்பதும் உண்டு. அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அந்த வயதில் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு கூடுதல், சினைப்பையின் தேவையும் குறைவு. ஆகவே சினைப்பையோடு சேர்த்து எடுத்துவிடுவதே சரி. ஏற்கெனவே ஒரு சினைப்பையை இழந்த இளம்பெண்களுக்கு ஒரு வார்த்தை: மற்றொன்று நன்றாக இருந்தால் மாதவிடாயும் வரும், தாய்மையும் வாய்க்கும். இதை மறைத்துத் திருமணம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை, இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைத் தள்ளிவிடவும் நியாயமில்லை.

கட்டி என்றாலே எல்லோர் மனசிலும் ஓடுவது புற்றுநோய். முறுக்கிக்கொண்டு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். புற்றுக்கட்டி சுற்றிலும் ஒட்டிப் பரவுவதால் சுற்றிக்கொள்வது குறைவு. ஆனால் பதின்வயதுப் பெண்களுக்கும் இருபதுகளில் இருப்பவர்களுக்கும் வரும் முளைச்செல் புற்றுகள் வேகமாக வளர்பவை. அவை சில சமயம் முறுக்கிக்கொண்டோ, உள்ளே ரத்தம் கசிந்தோ, வெடித்தோ அவசரமாகவே வெளிப்படும். ஸ்கேனில் கெட்டியான கட்டி தெரிந்தால் ஏ.எஃப்.பி., எல்.டி.எச்., பீட்டா எச்.சி.ஜி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளுக்கு அறுவைக்கு முன்பே ரத்தம் எடுத்து வைப்பார்கள். இந்தப் புற்றுகள் குணமாகக்கூடியவை. ப்ளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகளின் கூட்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். பெரும்பாலும் மறுபக்கச் சினைப்பையையும் கருப்பையையும் விட்டுவைத்தே சிகிச்சை தரலாம். சி.ஏ.125 என்ற பரிசோதனை கூடுதலாக இருப்பதைப் பார்த்து மட்டும் யாரும் கலங்க வேண்டாம். மாதவிடாய் நாளிலும், கர்ப்பத்திலும், எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் அது ஏறும்.

ஏற்கெனவே கட்டி இருப்பது தெரிந்தவர்கள் அவசரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், உள்ளே தெளிந்த நீர் மட்டுமா அல்லது வேறு ஏதாவது இருக்கிறதா. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, தெளிந்த நீர் மட்டும் உள்ள 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானே மறையும். 5 முதல் 7 சென்டிமீட்டர்வரை உள்ளதை ஆண்டுக்கொரு முறை ஸ்கேனில் பார்க்க வேண்டும். அதைத் தாண்டினால் எம்.ஆர்.ஐ. எடுப்பதா, அறுவை செய்வதா என்று மருத்துவர் முடிவு செய்வார். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2011-இல் வகுத்த வரையறை இது. நம் ஊர் மருத்துவர்கள் பலரும் இதையே ஒட்டிப் போகிறார்கள். டெர்மாய்டு பெரிதாக இருந்தால், திருமணத்துக்கோ கர்ப்பத்துக்கோ முன்பே திட்டமிட்டு எடுத்துவிடுவது நல்லது. பகலில், தயாராகச் செய்யும் அறுவையில் சினைப்பை பிழைப்பது எளிது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வயிறு உப்பிக்கொண்டே போனால், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டால், சேலைக்கட்டு இறுகிக்கொண்டே வந்தால், அதைத் தொப்பை என்று விடாமல் ஒரு முறை ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். எடுத்த கட்டியை பயாப்சிக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். தையல் பிரித்ததோடு போய்விட்டு, அதை வாங்கவே வராத குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தத் தாளில்தான் இது சாதாரணக் கட்டியா, மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமா என்று இருக்கும். கட்டாயம் போய் வாங்குங்கள், வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துச் சினைப்பை தேறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை முறுக்கிக்கொண்டவருக்கு மறுமுறையும் வரலாம், அந்தப் பக்கமோ மறுபக்கமோ. ஆகவே அறுவைச் சீட்டு, ஸ்கேன், பயாப்சி மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு, அந்தப் பெண் எங்கே படிக்கப் போனாலும், வேலைக்குப் போனாலும், மணமாகிப் போனாலும் அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.